பக்கத்து வீட்டு வயலின்

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? உன் வீட்டுக்காரிக்கு இருமல் விட்டதா?

இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று சிரிக்காதே. போனில் கூப்பிட்டால் நாலாவது வாக்கியத்தில் "வேலை இருக்குக்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. மேஜைமேல் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒரு செய்தி. பட்டாணியின் வயலின் பெட்டியைத் திறந்துவிட்டேன். என் பிள்ளை போன பிறகு ரெண்டு வருஷமாக அலமாரி மேல் ஏறிப் படுத்திருந்தது. போன வாரம் ஆஸ்பத்திரிக்கு ஒருவர் காது சோதனைக்கு வந்தார். என் வேலைதான் உனக்குத் தெரியுமே. சத்தம் புகாத அந்தச் சின்ன அறையில் ஆளை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுப்பேன். கண்ணாடிக்கு வெளியே இருந்து ஒவ்வொரு சத்தமாக அனுப்புவேன். கேட்டால் அவர் அமுக்க வேண்டும், என் மேஜையில் விளக்கு எரியும். வந்தவர் பாறை உடைக்கிற வேலையில் இருந்தவர். பாதிக்கு மேல் காது போய்விட்டது. அதைச் சொன்னதும், "அப்போ பாட்டு?" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் நாற்காலி போட்டு ஏறிப் பெட்டியை இறக்கினேன்.

ஒரு தந்தி அறுந்திருந்தது. அவளுக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சரிடம் எடுத்துப்போனேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். வாய் மட்டும் பெரியது. "மாட்டி மட்டும் கொடுக்கவா, இல்ல நீங்களே வாசிக்கப் போறீங்களா?" என்றாள். ஐம்பத்தொரு வயதில் நான் எங்கே வாசிக்க என்றேன். "வயலினுக்கு வயசெல்லாம் பார்க்கத் தெரியாதுங்க" என்றாள். இப்போது சனிக்கிழமை காலை வகுப்பு, மத்தியானம் வீட்டில் சாதகம். எண்ணெய் காணாத கதவு மாதிரி இருக்கிறது. ஆனால் அதைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிற ஒரு மணி நேரம் மனது எங்கேயும் ஓடுவதில்லை. அது எனக்குப் பெரிய விஷயம்டா.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். இவளுக்கு இருமல் நின்றுவிட்டது. திட்டுவதற்கு இப்போது மூச்சு தாராளமாக வருகிறது. உன் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறாயா?

துறைமுகத்தில் வேலை அப்படியேதான். காலையில் கிரேனின் மேலே ஏறினால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவேன். அங்கே நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டு. கீழே கப்பல், பெட்டிகள், எறும்பு மாதிரி ஆட்கள். மோட்டார் இரைச்சலைத் தவிர ஒன்றும் காதில் விழாது. எனக்கு அது ஒத்துப்போகிறது.

வயலின் விஷயம் படித்தேன். கழுத்தைச் சாய்த்துக்கொண்டு அவ்வளவு நேரம் நிற்காதே, பிடித்துக்கொள்ளும். படிக்கிற பிள்ளைகள் யாருக்காவது அதைக் கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது. தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

எங்கள் வீட்டில் பாட்டு வைப்பதில்லை. இவளுக்கு அது ஒரு குறை. "எதுக்கு வச்ச ரேடியோவை அணைக்கிறீங்க?" என்று கேட்டுக் கேட்டு விட்டுவிட்டாள்.

வேறு விசேஷம் இல்லை.

உன் தம்பி


பிப்ரவரி 20

அன்புத் தம்பிக்கு,

நலம்தானே? கூண்டில் வெயில் அடிக்கிறதா? தண்ணீர் கொண்டுபோகிறாயா? நான் நலம். கழுத்து பிடிக்கவில்லை, போதுமா?

டீச்சர் நேற்று, "பரவாயில்லையே, இப்ப கதவு பாதிதான் கிறீச்சிடுது" என்றாள். நாலு சரளி வரிசை வாசிக்கிறேன். இந்த ஒன்றரை மாதமாக ஆஸ்பத்திரியில் யாரிடமும் எரிந்து விழவில்லை. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து கடைசி வாய் வரை சாப்பிடுகிறேன். ரெண்டு வருஷமாகப் பாதியை மூடி எடுத்து வந்துகொண்டிருந்தவள் நான். வாசிக்கும்போது அழுகை வருவதுண்டு. வந்தால் வில்லை நிறுத்துவதில்லை. அது பாட்டுக்கு வரும், நான் பாட்டுக்கு வாசிப்பேன்.

இப்போது துணைக்கு ஆளும் கிடைத்திருக்கிறது. பட்டாணியின் அறைச் சுவருக்கு அந்தப்பக்கம் இருக்கிற வீட்டில் யாரோ வயலின் வாசிக்கிறார்கள். நம் வீட்டுச் சுவர் எவ்வளவு கனம் என்று உனக்கே தெரியும். அந்தப் பக்கம் ஸ்பூன் விழுந்தால் இந்தப் பக்கம் நாம் குனிந்து தேடுவோம். முதலில் என் சத்தம்தான் எதிரொலிக்கிறது என்று நினைத்தேன். நான் தப்பாக வாசித்த இடத்தை அந்தப் பக்கம் சரியாக வாசித்தார்கள். எதிரொலி தப்பைத் திருத்துமா? நான் நிறுத்தினால் கொஞ்சம் காத்திருந்து நிறுத்துகிறார்கள். நல்ல கை. அவசரமில்லாத கை.

யாராக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாய் என்று இவளிடம் படித்துக் காட்டினேன். சந்தோஷப்பட்டாள். "வயலினோ வாணலியோ, அண்ணி சாப்பிட்டா சரி" என்கிறாள்.

துணைக்கு ஆள் கிடைத்தது நல்லதுதான். ஆனால் ஆள் யார் என்று தெரியாமல் சுவரோடு கச்சேரி பண்ணாதே. ஒரு எட்டு போய்க் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு எழுது. நான் அந்த வீட்டில் உன்னோடும் பட்டாணியோடும் பதினைந்து வருஷம் இருந்திருக்கிறேன். பக்கத்தில் அப்படி வாசிக்கிற ஆள் யாரும் இருந்ததாக நினைவில்லை.

உன் தம்பி


மார்ச் 25

அன்புத் தம்பிக்கு,

இருவரும் சுகம்தானே? நான் சுகம். இதைப் பதற்றப்படாமல் படி. நான் பதற்றப்படவில்லை.

நீ சொன்னபடி போய்த் தட்டினேன். யாரும் வரவில்லை. கீழே கட்டடக் காவலாளியிடம் கேட்டேன். "அந்த வீடா? எட்டு மாசமா பூட்டித்தான்மா கெடக்கு. ஆள் வந்தா எனக்குத் தெரியாதா?" என்றார். எனக்காகச் சாவி எடுத்துவந்து திறந்தார். அறைகள் காலி. தரையில் தூசி ஒரே சீராக, விரித்த துணி மாதிரி கிடந்தது. நாங்கள் நடந்த தடம் மட்டும் பதிந்தது. நம் சுவரை ஒட்டிய அறையில் ஜன்னல்கூடச் சாத்தியிருந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையில், "தனியா இருக்கிற பொம்பளை, பாவம்" என்பது எழுதியிருந்தது.

எனக்குக் காது பிழைப்பு. எனவே முதலில் என் காதைச் சந்தேகப்பட்டேன். உடன் வேலை செய்கிறவளை வெளியே உட்காரவைத்து, நானே அந்த அறைக்குள் போய்ச் சோதனை செய்துகொண்டேன். என் வயதுக்குக் கொடுத்துவைத்த காது என்றாள். பிறகு ஆஸ்பத்திரியில் சத்தம் அளக்கிற கருவியை வீட்டுக்கு எடுத்துவந்து அந்தச் சுவரோரம் வைத்தேன். நான் வாசித்தபோது முள் ஆடியது. நான் நிறுத்தி, அந்தப் பக்கம் வாசித்தபோது முள் அசையவே இல்லை. வயலின் மட்டும் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

பயமா என்று கேட்காதே. கொஞ்சம் இருந்தது, உண்மை. ஆனால் எழுந்து போகத் தோன்றவில்லை.

போன வாரத்திலிருந்து அது என் பாடத்தை வாசிப்பதில்லை. தனியாக ஒரு மெட்டு. திரும்பத் திரும்ப அதே. கேட்டு எழுதியிருக்கிறேன்:

ப த ப ம க — ம க ரி —
க ம க ரி ஸ — ரி ஸ நி

கடைசி நி, கீழே இருக்கிற நி. அங்கே நின்றுவிடுகிறது. எந்த மெட்டும் ஸ-வுக்கு வந்து சேர்ந்தால்தான் மனது ஆறும். இது வாசற்படி வரை வந்து உள்ளே வராமல் நிற்கிறது. டீச்சரிடம் வாசித்துக் காட்டினேன். "இது நான் சொல்லிக்கொடுத்தது இல்லையே. கேட்ட மாதிரியும் இல்லை" என்றாள்.

பட்டாணி வீட்டில் சாதகம் பண்ணும்போது நீதான் கூடவே இருப்பாய். இதை எப்போதாவது கேட்டிருக்கிறாயா? எழுது.

அக்கா


மே 2

அன்புத் தம்பிக்கு,

நலமா? என் கடிதம் போய் ஐந்து வாரம் ஆகிறது. போனையும் எடுக்கவில்லை. உன் வீட்டுக்காரியிடம் பேசினேன். உடம்புக்கு ஒன்றுமில்லை என்றாள். "ஆனா அண்ணி, உங்க லெட்டர் வந்த அன்னிக்கு லீவு போட்டுட்டு கட்டில்லயே உக்காந்திருந்தாரு. கேட்டா கிரேன்ல ஏதோ கோளாறுன்னாரு. கிரேன்ல கோளாறுன்னா இவரு ஏன் வீட்ல சட்டையை மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கணும்?" என்றாள். கெட்டிக்காரி.

முந்தாநாள் நடந்ததை உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது.

தையல் தொழிற்சாலையில் வேலை செய்கிற ஒரு பெண் வந்தாள். ரெண்டு காதும் ஏறக்குறைய முழுதாகப் போய்விட்டது. அறைக்குள் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டி, பட்டனைக் கொடுத்தேன். கதவைச் சாத்தினேன். அந்தக் கதவைச் சாத்தினால் உள்ளே இருப்பவருக்குத் தன் நெஞ்சு அடிப்பதுதான் கேட்கும். இவளுக்கு அதுவும் கேட்காது. நான் படிவத்தில் அவள் வயதை எழுதிக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரு சத்தமும் அனுப்பவில்லை. மேஜையில் விளக்கு எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது.

சும்மா அமுக்கிப் பார்க்கிறாள் என்று நினைத்துக் கையைக் காட்டப் போனேன். அப்போதுதான் விளக்கைப் பார்த்தேன். ஐந்து தடவை. நின்று, மூன்று தடவை. அப்புறம் ஐந்து. அப்புறம் மூன்று. அந்த மெட்டின் நடை. நீளுகிற இடத்தில் விளக்கும் நீண்டது. நி-யோடு அணைந்துவிட்டது. அவள் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள், அடுத்தது வரும் என்பது போல.

கதவைத் திறந்தேன். என் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்கிறவள் அவள். "என்ன கேட்டுச்சு?" என்றேன். சிரித்தாள். "நல்லா இருந்துச்சுங்க. ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள்.

உனக்கு அந்த மெட்டு தெரியுமா, தெரியாதா? ஒரு வரி எழுது, போதும்.

அக்கா


மே 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதங்கள் கிடைத்தன. வேலை அதிகமாக இருந்ததால் உடனே பதில் எழுத இயலவில்லை. மன்னிக்கவும்.

நீ குறிப்பிட்டுள்ள மெட்டை நான் கேட்டதில்லை. பட்டாணி அவ்வாறு எதுவும் வாசித்ததாக நினைவில்லை.

தனிமையில் இருப்பதால் இவ்வாறெல்லாம் தோன்றுகிறது. வயலினைப் பெட்டியில் வைத்து மூடிவிடு. அந்த அறையையும் பூட்டிவிடு. தயவுசெய்து அதைக் கேட்காதே அக்கா. இங்கே வந்து சில நாட்கள் எங்களுடன் இருந்துவிட்டுப் போ.

இப்படிக்கு,
தம்பி


மே 27

தம்பிக்கு,

நலமா என்று கேட்கவில்லை. நலமில்லை என்று உன் கையெழுத்தே சொல்கிறது.

சின்ன வயதில் பரீட்சை மார்க்கை மறைத்துவிட்டு அப்பாவுக்குக் கடிதம் எழுதுவாயே, அதே முத்து முத்தான எழுத்து. அதே "இயலவில்லை", "மன்னிக்கவும்". நீ உண்மை பேசும்போது உன் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். எனக்கு அந்தத் தம்பிதான் வேண்டும்.

அத்தான் போன பிறகு இந்த வீட்டில் நாம் மூன்று பேர். அவளைப் பள்ளிக்கூடத்துக்கும் வயலினுக்கும் கொண்டுவிட்டது நீ. அன்றைக்கு வண்டியில் அவளோடு இருந்ததும் நீ. ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையில் கட்டோடு என் கையைப் பிடித்துக்கொண்டு, "உடனே போயிட்டாக்கா, அவளுக்கு ஒண்ணுமே தெரியலை" என்றாய். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ரெண்டு வருஷம் எழுந்து நடமாடினேன். நான் உன்னிடம் வேறு எதையும் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போய், அங்கேயே கல்யாணமும் பண்ணிக்கொண்டாய்.

இப்போது கேட்கிறேன். உடனே என்றால் எவ்வளவு நேரம்?

அக்கா


ஜூன் 10

அக்கா,

நீ நலமாக இருக்க வேண்டும். இதைப் படித்த பிறகும்.

அந்த மெட்டு எனக்குத் தெரியும். அவள் கட்டியது. வெளியில் யாரும் கேட்டதில்லை, நான் ஒருத்தனைத் தவிர. வயலினில் அவள் அதை ஒரு தடவைகூட வாசிக்கவில்லை, உன் காதில் விழுந்துவிடும் என்று. அதனால்தான் உன் கடிதத்தைப் பார்த்ததும் கூண்டுக்கு ஏற முடியவில்லை. ஏணியில் நாலு படி ஏறிவிட்டு இறங்கி, லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் மழை. டீச்சர் வீட்டிலிருந்து காரில் கூட்டிக்கொண்டு வந்தேன். "மாமா, நானே ஒண்ணு கட்டியிருக்கேன். அம்மாவோட அம்பதாவது பிறந்தநாளுக்கு. சொல்லிடாதே, சொன்னா உன்னோட பேச மாட்டேன்" என்றாள். சத்தியம் வாங்கிக்கொண்டாள். பிறகு முனகிக் காட்டினாள். நன்றாக இருந்தது அக்கா. ரொம்ப நன்றாக இருந்தது. நடுவில் ஒரு வளைவு வரும், ம-விலிருந்து இறங்குகிற இடம். "அந்த இடத்தை இன்னொரு தடவை பாடு" என்று சொல்லி அவள் பக்கம் திரும்பினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு பாடுவாளே, அதைப் பார்க்கத்தான். ரெண்டு மூன்று நொடி இருக்கும்.

லாரிக்காரன் மேல்தான் தப்பு என்று எல்லோரும் சொன்னார்கள். அவன் தப்பான பக்கம் வந்தது நிஜம். ஆனால் நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒடித்திருப்பேன். எனக்குத் தெரியும். வண்டி ஓட்டத் தெரிந்த யாருக்கும் தெரியும்.

உடனே இல்லை. பதினோரு நிமிஷம். வண்டியில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. என் நெஞ்சை ஸ்டியரிங் அழுத்திப் பிடித்திருந்தது. இடது கையை நீட்டினால் அவள் சட்டை நுனி மட்டும் எட்டியது. "மாமா, கால் இருக்கிறதே தெரியலை" என்றாள். வலிக்குதா என்றேன். "இல்ல. பயமா இருக்கு. பாடட்டுமா?" என்றாள். பாடு கண்ணு என்றேன்.

அதைத்தான் பாடினாள். வாய் திறக்காமல், உள்ளுக்குள்ளேயே. முடிக்க முடிக்கத் திரும்ப ஆரம்பித்தாள். பாடப் பாட அவள் மூச்சு நிதானமானது. எனக்கும்தான். அதை உன்னிடம் எப்படிச் சொல்வேன்? அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தவரை எனக்குப் பயமே இல்லை. உன் பிள்ளை போய்க்கொண்டிருக்கிறாள், நான் பாட்டுக் கேட்டு நிம்மதியாக இருந்தேன். அதனால்தான் எனக்கு எந்தப் பாட்டும் ஆகவில்லை.

அந்த மெட்டு ஸ-வில்தான் முடியும் அக்கா. நி-யில் நிற்காது. அவள் நாலு தடவை முழுசாகப் பாடினாள். ஐந்தாவது தடவை நி-யில் நின்றது. அடுத்த ஸ்வரத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். கதவை அறுத்து என்னை எடுக்கிறவரை காத்துக்கொண்டிருந்தேன்.

உன் சுவரில் கேட்பது அந்த ஐந்தாவது தடவை.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஆகஸ்ட் 4

தம்பி,

உயிரோடு இருக்கிறேன். நீ சாப்பிடுகிறாயா?

உன் கடிதம் வந்து ஏழு வாரம் ஆகிறது. முதல் வாரம் உன்னைக் கன்னத்தில் அறைய வேண்டும் போல் இருந்தது. அதற்காகவே ரயில் டிக்கெட் போட்டேன், தெரியுமா? கையில் பையோடு வாசல் வரை போனேன். முழங்கால் வலித்ததால் நீ தப்பித்தாய்.

அப்புறம் அந்த மூன்று நொடியை நினைத்துக்கொண்டே இருந்தேன். காய் நறுக்கும்போது, நடக்கும்போது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் அவள் பாடினால் திரும்பித்தான் பார்த்திருப்பேன். இதை உனக்கு ஆறுதலாகச் சொல்லவில்லை. அறைய வேண்டும் என்கிற ஆசை இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் பதினோரு நிமிஷம் அவள் தனியாக இல்லை. கேட்க ஒரு ஆள் இருந்தான். வேறு யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் "பேசாதே, அசையாதே" என்று வாயை அடைத்திருப்பார்கள். நீ பாடச் சொன்னாய்.

நீ எழுதியது கைக்கு வந்த அன்றிலிருந்து சுவரில் சத்தம் நின்றுவிட்டது. சனிக்கிழமை மத்தியானங்களில் காதை ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. வெறும் சுவர். அதைச் சொல்லி அழுதேன், அவள் ரெண்டாம் தடவை போய்விட்டது மாதிரி. என்னைக் கேட்கவைக்கிறாள் என்று நினைத்திருந்தேன். உன்னைச் சொல்லவைக்கத்தான் வந்தாளோ என்னவோ.

நி-க்குப் பிறகு எப்படிப் போய் ஸ-வில் சேரும் என்று எனக்குத் தெரியாது. உலகத்தில் உனக்கு மட்டும்தான் தெரியும். எழுதி அனுப்பாதே. எழுதினால் வாசித்துவிடுவேன். எனக்கு உன் வாயால் கேட்க வேண்டும். வா.

அக்கா


செப்டம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். ரயிலில் உன் பொட்டலத்தை எதிர்சீட்டுக்காரரோடு பங்கு போட்டேன். முழங்காலுக்கு மருந்து தேய்த்துக்கொள்.

அங்கே பேச முடியாததை இங்கிருந்து சொல்கிறேன். நீ வயலினை எடுத்துக்கொண்டு அந்த அறையில் நின்று, "ம்" என்று என்னைப் பார்த்தபோது வாயைத் திறந்தேன். ரெண்டு வருஷமாகச் சும்மாகூட ஒன்றை முனகியவன் இல்லை நான். முதல் தடவை காற்றுதான் வந்தது. நீ நி-யைப் பிடித்துக்கொண்டே நின்றாய். வில் தீர்ந்ததும் திருப்பி இழுத்தாய். எனக்காக எவ்வளவு நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாய் என்று தெரியாது. பிறகு எப்படியோ வந்துவிட்டது. ப-வைத் தொட்டுவிட்டு ஸ-வுக்கு இறங்குகிற அந்தச் சின்ன வழி. நீ அதை உடனே பிடித்துவிட்டாய். "இப்படியா முடிச்சா? திமிரு பிடிச்சவ" என்று சிரித்தாயே, அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு நெஞ்சு லேசாயிற்று.

வீட்டுக்கு வந்து இவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். "அந்தப் பிள்ளை எப்படிச் சிரிப்பா?" என்று கேட்டாள். சாயங்காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நேற்றிலிருந்து ரேடியோ ஓடுகிறது. சத்தமாகத்தான் வைக்கிறாள். பழகிக்கொள்கிறேன்.

அன்புத் தம்பி


அக்டோபர் 3

அன்புத் தம்பிக்கு,

நீயும் உன் வீட்டுக்காரியும் ரேடியோவும் சௌக்கியமா? நான் சௌக்கியம். டீச்சர் என்னை அடுத்த பாடத்துக்கு ஏற்றிவிட்டாள்.

பக்கத்து வீட்டுக்கு ஆள் வந்துவிட்டார்கள். சின்ன வயதுத் தம்பதி, நாலு மாதக் கைக்குழந்தை. வந்து ரெண்டு வாரம் ஆகிறது. நேற்று மத்தியானம் அந்தப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து கதவைத் தட்டினாள். வயலின் தொந்தரவு என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்து நானே முந்திக்கொண்டேன். "சத்தமா இருக்காம்மா? வேணும்னா நேரத்தை மாத்திக்கிறேன்."

"ஐயோ, மாத்திடாதீங்க. நீங்க ரெண்டு பேரும் வாசிச்சாதான் இவன் தூங்குறான். அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றாள்.

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். "ரெண்டு பேரா?"

"ஆமா, நீங்க வாசிக்கிறீங்க, கூட ஒருத்தங்க வாசிக்கிறாங்களே. நீங்க தப்பு பண்ணின இடத்தை அவங்க சரியா வாசிப்பாங்க. தப்பா எடுத்துக்காதீங்க, உங்களைவிட அவங்க கை நல்லா இருக்கு. யாரு அவங்க?"

"என் பொண்ணு" என்றேன்.

"என்ன படிக்கிறாங்க?"

"படிப்பெல்லாம் முடிச்சிட்டாம்மா."

அவள் போன பிறகு நான் அந்த அறைக்குப் போய், பட்டாணியின் மெட்டை ஆரம்பத்திலிருந்து ஸ வரை வாசித்தேன். எனக்கு என் வயலின் மட்டும்தான் கேட்டது. சுவருக்கு அந்தப்பக்கம் அவள் குழந்தையைத் தட்டிக்கொடுப்பதும் கேட்டது. ஒவ்வொரு தட்டுக்கும் வளையல் குலுங்கும். முடித்து, வில்லை இறக்கி, மூச்சுவிடாமல் நின்றேன். அந்த வளையல் நிற்கவில்லை. ஐந்து, மூன்று, ஐந்து, மூன்று என்று தாளம் தப்பாமல் போய்க்கொண்டே இருந்தது. நான் அப்படியே அந்தச் சுவரில் சாய்ந்து, குழந்தை தூங்குகிறவரை அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மழைக்காலம் வருகிறது, தலையை நனைக்காதே. நேரம் கிடைக்கும்போது எழுது.

என்றும் உன்,
அக்கா